முடிச்சூர் வைத்தியம்

என் கணவரின் அண்ணன் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் சொந்தத்தில் இதை வாய்விட்டுச் சொல்கிற ஒரே ஆள் நான்தான். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தபால் வழியில் ஹோமியோபதி படித்தார். முடிச்சூரில் அவர் வீட்டு முன்னறையில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் வரிசை வரிசையாகக் குட்டி பாட்டில்கள். வெள்ளம் வந்தபோது அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் போனது, பீரோ போனது, கல்யாண ஆல்பம் போனது. பரணில் இருந்த இந்தப் பெட்டி மட்டும் ஒரு சொட்டு நனையாமல் தப்பித்தது. முருகன் காப்பாற்றினான் என்பார். முருகனுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

நாங்கள் இருப்பது ராஜகீழ்ப்பாக்கத்தில். என் கணவர் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. போர்டில் கோடு போட்டால் கோடு நெளிந்தது, பின் வரிசையில் பிள்ளைகள் சிரித்தார்கள். நரம்பு டாக்டர் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், நடுக்குவாதம் என்றார். முழுசாகக் குணமாகாது, ஆனால் மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் பல வருஷம் வேலை பார்க்கலாம் என்றும் சொன்னார். கொஞ்ச நாள் குமட்டல் இருந்தது, பிறகு கை அடங்கியது. அத்தோடு விட்டிருக்கலாம்.

தீபாவளிக்கு முடிச்சூர் போனோம். சாப்பாடு முடிந்ததும் அண்ணன் தம்பியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டார்.

"வாழ்நாள் பூரா சாப்பிடணும்னா அதுக்குப் பேரு மருந்தாடா? நோயை அமுக்கி வைக்கிறானுங்க. நான் வேரோட எடுக்கறேன், பாரு."

பிறகு கேள்விகள். இனிப்பு பிடிக்குமா, உப்பு பிடிக்குமா? இடி இடித்தால் பயமா? எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாய்? யார் மேலாவது ஆறாத கோபம் உண்டா? என் கணவர் பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். அப்பா போன பிறகு இவரைப் படிக்க வைத்தது அண்ணன்தான். அந்த நன்றிக்கடனை இவர் தன் உடம்பை வைத்துத் தீர்க்கக் கிளம்பினார். மறுநாளிலிருந்து டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார்.

வீட்டில் சட்டங்கள் வந்தன. காபி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, பெருங்காயம் கூடாது, தலைவலித் தைலம் கூடாது, கற்பூர வாசனைகூட மருந்தை முறித்துவிடுமாம். குன்றத்தூர் மலைக்குப் போன மனுஷன் தீபாராதனை நேரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நின்றார். அண்ணன் கொடுத்த சீனி உருண்டைகளைக் கையால் தொடக் கூடாது. மூடியில் கொட்டி நேராக நாக்கில் போட்டுக்கொள்ள வேண்டும். நடுங்குகிற கைக்கு இது நல்ல வைத்தியம்! பாதி தரையில் சிதறும். சிதறியதை எடுக்கக் கூடாது என்பதால் எறும்புகள் சாப்பிட்டன. எங்கள் வீட்டு எறும்புகளுக்கு இன்றுவரை நடுக்கம் வந்ததில்லை.

நடுக்கம் கூடியது. சட்டைக்குப் பட்டன் போட நான் வேண்டியிருந்தது. பள்ளியில் அவரை வகுப்பிலிருந்து எடுத்து லைப்ரரியில் உட்கார வைத்தார்கள். நான் அழாத குறையாக முடிச்சூருக்கு போன் செய்தேன். அவர் சந்தோஷப்பட்டார்.

"ரொம்ப நல்ல அறிகுறிம்மா. மருந்து பிடிச்சுக்கிச்சுன்னு அர்த்தம். பழைய மாத்திரை விஷம் எல்லாம் வெளிய வருது. இன்னும் கொஞ்சம் கூடும், பயப்படாத."

இதை என் கணவர் அப்படியே நம்பினார். கை அதிகமாக ஆடிய நாளில் முகத்தில் ஒரு தெளிவோடு உட்கார்ந்திருப்பார். சொந்தக்காரர்கள் போன் செய்து, "கூடியிருக்கா? அப்ப சரி" என்று ஆறுதல் சொன்னார்கள். என் கண் எதிரே ஒரு மனிதர் உருக்குலைகிறார், ஊரே கூடி வாழ்த்துகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு ஒரு மாலை, எங்கள் ஜங்ஷனில் ரோட்டைக் கடக்கும்போது அவர் கால் நடுவில் அப்படியே நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பஸ்கள் ஹாரன் அடித்திருக்கின்றன. ஒரு ஆட்டோக்காரர் இறங்கி அவரைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

"யக்கா, சார் நட்ட நடு ரோட்ல நின்னுகினு கீறாரு. நான் தண்ணிதான் போட்டுகினாரோன்னு நெனச்சேன். வாய மோந்து பாத்தா வாசனையே இல்ல. உடம்புக்கு இன்னாக்கா?"

வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காதவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நான் முடிவு செய்தேன். பழைய சீட்டைக் கொண்டுபோய் மாத்திரை வாங்கினேன். வீட்டில் யாரும் திறக்காத டப்பா பெருங்காய டப்பாதான், அதில் ஒளித்தேன். டாக்டர் முன்பு சொன்ன அளவிலேயே மெதுவாக ஏற்றி, பொடித்து, காலைக் கஞ்சியிலும் மதிய மோரிலும் மாலைக் கூழிலும் கலந்தேன். கேட்காமல் கொடுத்தது தப்பு என்பவர்கள் ஒருநாள் அவரை அந்த ரோட்டின் நடுவே பார்த்திருக்க வேண்டும்.

கை அடங்கியது. கால் நகர்ந்தது. பள்ளியில் மறுபடி வகுப்பு கொடுத்தார்கள்.

புகழ் முழுக்க முடிச்சூருக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த முன்னறை வாசலில் செருப்புகள் நிறைந்தன. அண்ணன் தம்பியை எல்லோர் முன்னாலும் நிறுத்துவார். "பட்டனைக் கழட்டுடா. போடு." என் கணவர் மேலிருந்து கீழ்வரை கழற்றுவார், கீழிருந்து மேல்வரை போடுவார். வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். நான் சமையலறையில் அவர்களுக்கெல்லாம் சுக்குத் தண்ணீர் கலக்குவேன். சொன்னால் மறுநாளே மாத்திரை நின்றுவிடும், அவர் மறுபடி ரோட்டில் நிற்பார். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா ஒருநாள் கூடையை இறக்கி வைத்தவள், இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாள். நான் ஒளித்து வைத்திருந்த அதே மாத்திரை.

"யக்கா, சாருக்கு கை நல்லாயிட்ச்சாமே. எங்க வூட்டுக்காரருக்கும் இதே பேஜார்தான் கீது. வலையப் புட்ச்சா கை ஆடுது. ஆஸ்பத்திரில இத்த குட்த்தாங்க. துன்னா கொமட்டுதுன்னு கத்திகினு கீறாரு. இத்த நிறுத்திட்டு உங்க முடிச்சூர் அய்யாகிட்ட இட்டுகினு வரட்டா?"

என் கணவர் உள்ளேயிருந்து வந்துவிட்டார்.

"தாராளமா நிறுத்தும்மா. இன்னிக்கே நிறுத்திடு. என்னைப் பாரு." கை சட்டைப் பட்டனுக்குப் போனது.

"நிறுத்தாத" என்றேன். "இவருக்குக் கை நடுக்கம் நின்னதே இந்த மாத்திரையாலதான். நான் கஞ்சில கலந்து குடுத்துக்கிட்டிருக்கேன். உங்க வீட்டுக்காரரைக் கடலுக்குள்ள கால் மரத்து நிக்க வச்சிடாத."

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்துச் சுருக்கை இழுத்தாள். "சரிக்கா, நிறுத்தல" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஏன் ஏமாற்றினாய் என்று கேட்டால் சொல்லப் பதில் தயாராக இருந்தது. ஏன், ஒரு நல்ல வார்த்தைகூட வரலாம் என்று ஒரு மூலையில் ஆசை இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

கழற்றப் போன பட்டனைத் திரும்பப் போட்டுக்கொண்டே கேட்டார். "அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிடாத. தாங்க மாட்டார்."

அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இப்போது மாத்திரையை அவரே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். ஒளிவு மறைவு இல்லை. இனி முடிச்சூருக்குப் போக மாட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் கிளம்பினார்.

"உங்களைப் பாத்துட்டு அங்க யாராவது மாத்திரையை நிறுத்திட்டா?"

"அண்ணன் பாத்துப்பார்."

நான் கூடப் போவதை நிறுத்திவிட்டேன். தெருவில் யார் விசாரித்தாலும் உண்மையைச் சொல்கிறேன். அண்ணன் புகழ்மேல் எனக்குப் பொறாமை என்று முடிச்சூரில் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் காலை மாத்திரையைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறார். கடிகாரத்தைப் பார்த்து, கிளம்பும் முன் விழுங்குகிறார். அண்ணன் பட்டனைக் கழற்றிப் போடச் சொல்லும் நேரத்துக்கு அது சரியாக வேலை செய்ய வேண்டும்.