அவள் பெயரில் எட்டு விசாரணை

அந்தக் குடியிருப்பின் மூன்று மாடியிலும் அவளுக்குப் பெயர் பல் டாக்டர். அவள் டாக்டர் இல்லை. ஒருநாளும் யாருடைய வாயையும் திறந்து பார்த்தவளும் இல்லை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வாங்கி, மெழுகில் வடித்து, பீங்கான் பூசி, சின்னச் சூளையில் சுட்டு, பல்லாகத் திருப்பி அனுப்புவது அவள் தொழில். "டாக்டரம்மா, கடைவாய்ல குடையுது, கொஞ்சம் பாருங்களேன்" என்று படிக்கட்டில் யாராவது வாயைப் பிளந்துகொண்டு நின்றால், "பல்லைக் கழட்டிக் கையில குடுங்க, பார்க்கறேன்" என்பாள்.

இரண்டாவது மாடி வீட்டின் பின்னறைதான் அவள் பட்டறை. சூளைக்குத் தனி மின்இணைப்பு. பால்கனியில் காற்றழுத்தி இயந்திரம். அது போடும் கடகட சத்தத்துக்கு அக்கம்பக்கத்தைப் பழக்கப்படுத்தவே அவளுக்கு ஒரு வருஷம் ஆனது. பதினோரு வருஷமாக வாடகைக்கு இருந்த வீடு. எதிர்த் தெருவில் மகள் படிக்கும் பள்ளிக்கூடம். புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். பத்து நிமிஷம் நடந்தால் டிப்போ.

ஒரு திங்கட்கிழமை காலையில் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"இந்தாம்மா, வீட்டை விக்கலாம்னு இருக்கேன். உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். முப்பது நாள் டைம் தர்றேன். முடிஞ்சா நீங்களே வாங்கிக்குங்க. இல்லைன்னா வேற ஒரு பார்ட்டி காத்துக்கிட்டு இருக்காங்க."

போனை வைத்தபோது அவள் கையில் இருந்த மெழுகு இறுகிப்போயிருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அன்று மத்தியானமே வங்கிக்குப் போனாள்.

கடன் பிரிவில் இருந்த அதிகாரி முப்பது வயதுப் பெண். மளமளவென்று பேசுகிறவள். "உங்க கடன் மதிப்பெண் என்னன்னு தெரியுமா மேடம்?" என்று கேட்டாள்.

"நானே போன்ல பார்த்தா குறைஞ்சிடும்னு சொல்றாங்களே?"

"நீங்களே உங்களோடதைப் பார்த்தா ஒண்ணும் ஆகாது. தினம் பத்து தடவை வேணும்னாலும் பாருங்க."

அங்கேயே பார்த்தாள். 738. அதிகாரி சிரித்தாள். "720க்கு மேல இருந்தா எங்களோட குறைஞ்ச வட்டி கிடைக்கும். தாராளமா இருக்கு. பேப்பர் எல்லாத்தையும் சேர்த்து எடுத்துட்டு வாங்க, அப்புறம் நாங்க முறைப்படி ஒரு தடவை எடுத்துப் பார்ப்போம்."

கடனை அவள் பெயரில்தான் வாங்கியாக வேண்டும். மெக்கானிக்கின் கணக்கு ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே கெட்டுப்போயிருந்தது. டிப்போவில் கூட வேலை பார்த்தவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அவன் தவணை கட்டாமல் ஊரை விட்டே போய்விட்டான். அதற்குப் பிறகு எந்தக் காகிதம் வந்தாலும் அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். வீடு வாங்கும் பேச்சு வந்ததிலிருந்து அந்தப் பார்வை இன்னும் கூடியிருந்தது.

காகிதங்கள் சேர்க்கப் பன்னிரண்டு நாள் ஆனது. வருமானக் கணக்கு, மருத்துவர்களின் பில்கள், வீட்டுப் பத்திர நகல் என்று எல்லாவற்றையும் ஒரு நீலக் கோப்பில் அடுக்கிக்கொண்டு அவள் போய் உட்கார்ந்தாள். அதிகாரி கணினியைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள். மூன்றாவது முறையும் தட்டினாள்.

"என்னாச்சு மேடம்?"

"704ன்னு வருது."

"அன்னைக்கு 738 இருந்துச்சே! நான் ஒரு தவணைகூட தவறினது கிடையாதே!"

"தவணை எல்லாம் சரியாதான் இருக்கு." அதிகாரி திரையை அவள் பக்கம் திருப்பினாள். "ஒன்பது நாள்ல உங்க பேர்ல எட்டு விசாரணை வந்திருக்கு. எட்டு இடத்துல கடன் கேட்டிருக்கீங்க."

"நானா? நான் உங்களைத் தவிர யார்கிட்டயும் கேட்கல."

அதிகாரியின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினாள். "மேடம், யாராவது உங்க அடையாள அட்டையைத் திருடிப் பயன்படுத்துறாங்களோ என்னமோ. உங்க போன் வேற யார் கைக்காவது போச்சா?"

"போகல" என்றாள் அவள், அடித்துச் சொல்வதுபோல.

அறிக்கையை அச்செடுத்துக் கொடுத்தாள் அதிகாரி. திருட்டு என்றால் உடனே புகார் கொடுக்கச் சொன்னாள். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் போய் உட்கார்ந்தாள். யாரோ முகம் தெரியாதவன் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஊரெல்லாம் கடன் கேட்டு அலைவதுபோல் இருந்தது. பணத்தை வாங்கியே விட்டிருந்தால்? கட்டச் சொல்லி நாளைக்கு யார் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள்?

தாளைப் பிரித்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். வீட்டுக் கடன் நான்கு, தனிநபர் கடன் மூன்று, கிரெடிட் கார்டு ஒன்று. பக்கத்தில் தேதிகள். அதில் தனிநபர் கடன் மூன்றும் ஒரே செவ்வாய்க்கிழமை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு பாட்டுக்காரருக்கு மேல்வரிசை முழுப் பல் செட்டு, அவசரம். இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் அச்சு வார்க்கும் மாவுக் கலவை. அப்போது மெக்கானிக் பட்டறைக்குள் எட்டிப் பார்த்து, "என் போன்ல டவர் கிடைக்கல, உன்னோடதைக் கொஞ்சம் எடுத்துக்கறேன்" என்றார். அவள் தலையாட்டினாள். அரைமணி நேரம் கழித்துத் திரும்ப வைத்தார். மறுநாளும் கேட்டார். அடுத்த வாரமும் கேட்டார்.

இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்தே வந்தாள்.

அவர் சமையலறையில் கை கழுவிக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இருந்த கறுப்பு எண்ணெய் எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. தாளை அவருக்கு முன்னால் வைத்தாள்.

"இது நீங்களா?"

அவர் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் படித்தார். படித்து முடிக்கும்முன்பே முகம் வெளிறிவிட்டது.

"வட்டி எங்க குறைச்சல்னு பார்க்கலாம்னுதான்... பார்க்கத்தானே பார்த்தேன். ஒரு இடத்துலயும் கடன் வாங்கலயே."

"எந்த பட்டனை அமுக்குனீங்க?"

"வட்டியைப் பாருன்னு ஒண்ணு இருந்துச்சு. அதுல சரியா சொல்ல மாட்டேங்குறான். அதனால விண்ணப்பிக்கன்னு இருந்ததை அமுக்கினேன். அப்பதான் முழு விவரமும் வருதுன்னு..."

"ஓடிபி?"

"உன் போனுக்கு வந்துச்சு."

"தனிநபர் கடனும் கார்டும் எதுக்கு?"

அவர் தாளைப் பார்த்தபடியே சொன்னார். "முன்பணத்துக்குக் குறையுதுல்ல. நீ வளையலை விக்கறதா சொன்ன. அதை விக்க வேணாமேன்னு பார்த்தேன். என்னால ஆனது எதையாவது செய்யலாம்னு..."

கத்தவேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் மகள் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் மகள் வழியாகத்தான் பேச்சு நடந்தது. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "அம்மாகிட்ட சாவி எங்கன்னு கேளு." மூன்றாம் நாள் மகளே சலித்துப்போய், "எனக்கு இதுக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டுவிட்டாள். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

மறுபடி வங்கிக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். புருஷனைக் காட்டிக்கொடுப்பதுபோல் நாக்கு கூசியது. அதிகாரி கேட்டு முடித்து, பேனாவை எடுத்தாள்.

"இது தினம் நான் பார்க்கறதுதான் மேடம். வீட்டுக் கடன் நாலும் பெருசா பாதிக்காது. கொஞ்ச நாளைக்குள்ள ஒரே மாதிரி கடனுக்கு நாலு இடத்துல கேட்டா, விலை விசாரிக்கறாங்கன்னு புரிஞ்சுக்கிட்டு, மதிப்பெண் போடறவங்க அதை ஒண்ணாவே எடுத்துக்குவாங்க. அந்தத் தனிநபர் கடன் மூணும் கார்டும்தான் உதைக்குது. அது ஒவ்வொண்ணையும் தனித்தனியா எண்ணுவாங்க. வீடும் கேட்டு, கைக்கடனும் கேட்டு, கார்டும் கேட்டா, பணத்துக்கு அல்லாடுற ஆள்னு நினைப்பாங்க."

"அழிக்க முடியாதா?"

"உங்க வீட்டு ஆளே, உங்க போன்லயே ஓடிபி போட்டிருக்கார். திருட்டுன்னு எப்படி எழுதுவீங்க? சில மாசம் போனா அதோட வேகம் தானா குறைஞ்சிடும்."

"எனக்குப் பதினாலு நாள்தான் இருக்கு."

அதிகாரி அறிக்கையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஒரு வரியில் பேனா நின்றது. "உங்க கிரெடிட் கார்டுல வரம்புல முக்கால்வாசி பயன்படுத்தியிருக்கீங்களே, என்ன அது?"

"சூளை. பழசு வெடிச்சிடுச்சு. புதுசை கார்டுல வாங்கினேன்."

"அதைக் கட்டி முடிக்க முடியுமா? முடிஞ்சா மதிப்பெண் ஏற வாய்ப்பு இருக்கு. எவ்வளவு ஏறும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா இன்னொண்ணு, அதுவரைக்கும் வேற எங்கயும் எதையும் அமுக்காதீங்க."

அன்று சாயங்காலமே வளையல்களை விற்றாள். எதை விற்கக்கூடாது என்று அவர் போனை எடுத்தாரோ, அதுவே போயிற்று. கார்டு பாக்கியை ஒரு பைசா விடாமல் கட்டினாள். மிஞ்சியதை முன்பணத்துக்கு எடுத்து வைத்தாள். கார்டு நிறுவனம் மாதம் ஒருமுறைதான் கணக்கை அனுப்பும். அதற்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. தினமும் காலையில் எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல் போனைத் திறப்பாள். 704. அடுத்த நாள் 704. ஏழாம் நாளும் 704. அன்று ஒரு முன்பல்லின் நிறத்தையே தப்பாகச் சுட்டுவிட்டாள். இருபது வருஷத்தில் நடக்காத தப்பு. அனுப்பிய மருத்துவர், "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் வேறு இரண்டு தடவை போன் செய்தார். "அவசரப்படுத்தலம்மா. ஆனா அந்தப் பார்ட்டி தினம் கேட்கறாங்க."

பத்தாம் நாள் காலையில் எண் மாறியது. 717.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று புள்ளி குறைவு. வெறும் மூன்று. பின்னால் வந்து நின்ற அவர் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். "நானும் வர்றேன்" என்றார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

717ஐப் பார்த்த அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு, கோப்பை எடுத்து மேலாளர் அறைக்குள் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கைகளை ஆட்டிப் பேசுவது தெரிந்தது. மேலாளர் தலையை இடவலமாக அசைத்துக்கொண்டே இருந்தார். கால்மணி நேரம் கழித்து இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

மேலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மேடம், ஒரே வாரத்துல இத்தனை இடத்துல கேட்டிருக்கீங்க. எங்ககிட்ட சொல்லாத நெருக்கடி ஏதாவது இருக்கா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக் எழுந்து நின்றார்.

"அவங்க கேட்கல சார். நான்தான் கேட்டேன். அவங்க போனை எடுத்து, அவங்க பேர்ல கேட்டேன். தெரியாமதான் செஞ்சேன், ஆனா அவங்களைக் கேட்காம செஞ்சது தெரிஞ்சுதான். என் பேர்ல கேட்க முடியாது. ஜாமீன் போட்டுக் கெடுத்துக்கிட்டவன் நான்." மேசைமேல் இருந்த கோப்பைக் காட்டினார். "இவங்க கணக்கைப் பாருங்க சார். என்னைப் பார்க்காதீங்க."

அந்த ஜாமீன் விஷயத்தை அவர் வெளியாள் முன்னால் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவள் அவருடைய முழங்கையைத் தொட்டு, "உட்காருங்க" என்றாள். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குப் பிறகு அவள் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

மேலாளர் கோப்பை முதலிலிருந்து புரட்டினார். மருத்துவர்களின் பில்கள், பதினோரு வருஷ வாடகை ரசீதுகள், பாக்கியில்லாத கார்டு கணக்கு. "நீங்க சொன்னதை அப்படியே எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார். "கடன் தர்றோம். ஆனா குறைஞ்ச வட்டி தர எனக்கு அதிகாரம் இல்ல. கால் சதவீதம் கூட வரும்."

"ஒரு வருஷம் கழிச்சு மதிப்பெண் ஏறியிருந்தா வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா சார்?" என்று அவள் கேட்டாள். அந்த நேரத்தில் அப்படிக் கேட்கத் தோன்றியது அவளுக்கே ஆச்சரியம்.

மேலாளர் முதல்முறையாகச் சிரித்தார். "கேளுங்க. கேட்கறதுக்கு மதிப்பெண் குறையாது."

இருபத்தொன்பதாம் நாள் பத்திரம் பதிவானது. அன்று காலைவரை அந்த இன்னொரு பார்ட்டி வீட்டுக்காரருக்குப் போன் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

கூடுதல் கால் சதவீதத்துக்கு மாதம் எவ்வளவு வரும் என்று மெக்கானிக் கணக்குப் போட்டு, மாதம் இரண்டு ஞாயிறு கூடுதல் வேலைக்குப் பெயர் கொடுத்தார். அவள் கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பதினான்கு மாதம் கழித்து மதிப்பெண் 756க்கு வந்தபோது அவள் வங்கிக்குப் போய், சின்னக் கட்டணம் ஒன்றைக் கட்டி, வட்டியைக் குறைத்துக்கொண்டு வந்தாள். அன்று டிப்போ வாசலிலேயே போய் நின்று விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப இனி ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போக வேணாமா?" என்றார் அவர்.

"போக வேணாம். வீட்டுல குழாய் ஒழுகுது. இனிமே வீட்டுக்காரரைக் கூப்பிட முடியாது, நாமதான் வீட்டுக்காரங்க. அதைச் சரி பண்ணுங்க."

அவர் கருவிப் பெட்டியை எடுத்துவர டிப்போவுக்குள் ஓடினார்.