மடூல்சீமை ஓடையில் என் மரத்தட்டு

சுபஹு தொழுதுவிட்டு, ஐந்தேகாலுக்கு நானும் மருமகன் ரசீனும் கல்முனை பஸ் நிலையத்துக்கு வந்தோம். அவருடைய ஆட்டோவைத் தெரிந்த தேத்தண்ணிக் கடையோரம் நிறுத்திவிட்டு பதுளை பஸ்ஸில் ஏறினோம். அந்த ஆட்டோவுக்காகத்தான் இந்தப் பயணம்.

மடூல்சீமை மலையில் பொன் கிடக்கிறது என்று யாரோ சொன்ன கதையை நம்பி, ஆட்டோவை விற்றுச் சாமான் வாங்கி, கூட்டாளிகளோடு மலையேறப் போகிறேன் என்று நின்றார் ரசீன். வாங்க ஆளும் பார்த்தாயிற்று. என் மகளும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிடுவது அந்த மூன்று சில்லில்தான்.

"முதல்ல மண்ணப் பாப்பம் மகன். நான் பாத்துச் சொன்னா மறுகா வில்லுங்க" என்றேன்.

நான் சொன்னால் கேட்பார். நாற்பது வருஷம் நகைப் பட்டறைகளில் கூட்டித் தள்ளுகிற குப்பையை வாங்கி, தண்ணீரில் அரித்துப் பொன்தூள் எடுத்தவள் நான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் பொன் எது, பித்தளை எது என்று எனக்குத் தெரியும். கல்முனைக்குடியில் யாரையும் கேளுங்கள்.

பசறை வரைக்கும் ஆளுக்கு ஐந்நூற்று ஐம்பது ரூபா. அம்பாறை தாண்டி விடிந்ததும், கொழும்பிலிருந்து எடுப்பித்த, எங்கே என்ன பாறை என்று காட்டுகிற படத்தை ரசீன் மடியில் விரித்தார். நிறம் நிறமாக இருந்தது.

"இந்த ஊதா என்ன?"

"பழைய பாறை மாமி. மஞ்சள் வெள்ளக்கல்லு."

"பொன் எந்த நிறம்?"

"அதப் போடல்ல."

"அப்ப என்னத்துக்கு இந்தப் படம்?"

முன் சீட்டிலிருந்தவர் திரும்பிச் சிரித்தார். ரசீன் படத்தை மடித்துவிட்டார்.

பத்தரைக்குப் பசறை. அங்கிருந்து வேறு பஸ், நூறு ரூபா. பன்னிரண்டு மைல்கட்டைத் தூரத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. ஏற்றத்தில் இயந்திரம் சூடாகி பஸ் நின்றபோது இறங்கி, ரோட்டுக்காக வெட்டிய மலைச் சுவரைப் பார்த்தேன். இறைச்சியில் கொழுப்பு ஓடுவதுபோல் கறுப்புப் பாறைக்குள் வெள்ளைக்கல் வரி வரியாக ஓடியது. ரசீன் ஓடிவந்து உள்ளங்கையைக் காட்டினார்.

"மாமி, மின்னுது!"

"காக்காப்பொன் மகன். ஊதுங்க, பறக்கும்."

ஊதினார். பறந்தது.

பன்னிரண்டு மணிக்குச் செல்வராசாவின் லயத்து வீடு. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர். ரசீன் முன்பு கருவாடு விற்ற காலத்துப் பழக்கம். ரொட்டியும் சம்பலும் தந்தார். "தோண்டுனா புடிப்பாங்க பெரியம்மா, அனுமதி வேணும்" என்றார்.

"தோண்ட வரல்ல தம்பி. ஒரு தட்டு மணல் பாக்கத்தான்."

அவர் அலுமினியத் தட்டொன்றை நீட்டினார். "இதில சோறு தின்னலாம். அரிக்கிறதுக்கு என்ட தட்டுத்தான்" என்று என் பலாமரத் தட்டை எடுத்தேன்.

செல்வராசா தன் தட்டோடு எங்களை ஓடைக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. ஒரு பெருங்கல்லின் பின்னால் ஒதுங்கிய மணலை அள்ளிச் சுழற்றினேன். வெள்ளை மணல் போனது, சிவப்புப் பொடிக்கல் போனது, கறுப்பு மணல் அடியில் நின்றது. அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு.

"பொன்தான்" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

ரசீன் வாங்குகிறவருக்கு உடனே போன் எடுத்தார். "நாளைக்கே வந்து ஆட்டோவ எடுங்க" என்று கதைப்பது காதில் விழுந்தது. நான் கண்ணாடியைப் போட்டு, அந்தப் பொட்டை நகத்தில் ஏற்றிப் பார்த்தேன். சுருளாக இருந்தது. முதுகில் அரம் இழுத்த கோடுகள். அந்த ஓடையில் கடுகளவுக் கல்கூட உருண்டு மழுங்கிக் கிடந்தது. இது எப்படிச் சுருண்டு கிடக்கும்?

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. என் பேச்சும் பொய்க்காது.

"ரசீன், போன வைங்க. இது கல்முனைப் பொன்."

"என்ன மாமி, பகிடியா?"

"பட்டறைத் தூள், தட்டு வெடிப்புக்குள்ள கிடந்து வந்திரிக்கி. வெடிப்பச் சுரண்டாமக் கொண்டுவந்தது என்ட பிழை."

செல்வராசா சிரித்துவிட்டார். "எங்க ஆத்துக்குத் தங்கம் கொண்டாந்த மொத ஆளு நீங்கதான் பெரியம்மா."

ரசீன் சிரிக்கவில்லை. அந்த அலுமினியத் தட்டை வாங்கி, நாலரை மணி வரை தானே அரித்தார், இடம் மாற்றி மாற்றி. கறுப்பு மணல் மட்டும்தான். பிறகு கரையில் உட்கார்ந்து மறுபடி போன் எடுத்தார். "விக்கல்ல" என்று ஒரே சொல்.

மலையில் பொன்னே இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஓர் ஓடையை ஒரு பகல் பார்த்தவள் அப்படிச் சொல்லக்கூடாது. ஆட்டோவை விற்கிற அளவுக்கு நான் ஒன்றும் காணவில்லை.

இரவு அங்கே தங்கி, மறுநாள் ஆறரை பஸ்ஸில் இறங்கினோம். அந்தச் சுருளைப் பஸ் டிக்கட்டில் மடித்து வைத்துக்கொண்டேன். பொன்னை எறிகிற பழக்கம் எனக்கில்லை. ஒன்றரைக்குக் கல்முனை. குளிருக்கு மூடிய முக்காட்டுக்குள் இப்போது வேர்த்து ஊற்றியது. ஆட்டோ நின்ற இடத்தில் நின்றது. ரசீன் சீட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து, "சாய்ந்தமருது போவமா?" என்று கேட்டார். ரசீன் என்னைப் பார்த்தார்.

"ஏத்துங்க மகன். நான் ஒதுங்கி இரிக்கன்."

தட்டை மடியில் வைத்து ஓரமாக உட்கார்ந்தேன். வந்தவர் தட்டைப் பார்த்துவிட்டு, "எங்க போய்ட்டு வாறீங்க?" என்றார்.

"மடூல்சீமைக்கு" என்றார் ரசீன், வண்டியைக் கிளப்பியபடி. "மாமிட தட்டக் கழுவிட்டு வாறம்."