மடியில் எதிர்வீட்டு அரிசி

புனேயில் மதியம் ஒரு மணிக்கு மேல் யாரும் யார் வீட்டு மணியையும் அடிப்பதில்லை. கடைக்காரர்கூட ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போகிறார். கோவையில் அந்நேரம் எங்கள் தெரு லேத் பட்டறைகள் இரைந்துகொண்டிருக்கும். இங்கே விஷ்ராந்த்வாடிப் பகுதிக்கு மகளோடு வந்த புதிதில் இந்த நிசப்தம் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு அதுவே கைகொடுக்கும் என்று நினைத்தேன். ஊர் தூங்கும்போது ஓடிவிடலாமே.

மாதவிடாய் நின்று பல வருடங்கள் கழித்து ஒரு துளி ரத்தம். சூடு என்று இளநீர் குடித்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கர்ப்பப்பையை எடுத்தபின் டாக்டரம்மா விளக்கினார். அங்கே வரும் புற்று பெரும்பாலும் ஹார்மோன் ஊட்டத்தில் மெல்ல வளருமாம். என்னுடையது சீரஸ் என்ற முரட்டு வகை. அந்த ஊட்டம் கேட்காது. மெலிந்த உள்சவ்வில் முளைத்து, சிறிதாக இருக்கும்போதே வயிற்றுக்குள் அணுக்களை உதிர்த்துவிடுமாம். அதனால் கீமோவும் வேண்டும்.

"அதுதான் எடுத்தாச்சே, அப்புறம் என்னத்துக்கு?" என்றேன்.

"உதிர்ந்தது கண்ணுக்குத் தெரியாதுங்கம்மா" என்றாள் மகள்.

எனக்குப் பயம். மொழி தெரியாத ஊரில் முடி கொட்டிக் கிடப்பதைவிட, சிறுவாணித் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சாகலாம் என்று தோன்றியது.

கீமோவுக்கு முந்தின மதியம் மகள் ஹிஞ்சேவாடி ஆபீசில் இருந்தாள். கோவை விமானத்தைப் பிடிக்கப் பெட்டியோடு கதவைத் திறந்தேன். பெட்டிச் சக்கரம் எழுப்பிவிட்டதோ என்னவோ, எதிர்வீட்டு ஷைலா தாயி வாசலில் வந்து நின்றார். தாயி என்றால் இங்கே அக்கா.

"ஆஸ்பத்திரிக்கா? இருங்க" என்று ஹிந்தியில் சொல்லி உள்ளே ஓடி, அரிசியும் தேங்காயும் ரவிக்கைத் துணியும் கொண்டுவந்தார். மராத்தியில் ஓட்டி, அதாவது மடி, நிரப்புவது என்பார்கள். வீட்டைவிட்டுக் கிளம்பும் சுமங்கலியின் மடியில் இடும் மங்கலம்.

"எனக்குப் புருஷனும் இல்ல, இப்போ கர்ப்பப்பையும் இல்ல. எதை நிரப்பறீங்க?" என்றேன் அரைகுறை ஹிந்தியில். எரிச்சலாகத்தான் கேட்டேன்.

அவர் என் முந்தானையை விரித்துக் கொட்டினார். "ரிகாம்யா ஓட்டீனே ஜாவூ நயே." வெறும் மடியோடு போகக் கூடாதாம். "திரும்பி வந்து இதைப் பொங்கி எனக்கும் குடுங்க."

விமான நிலையம் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆஸ்பத்திரி நாளைக்குத்தான்" என்று முனகிப் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் கையில் ஊசி ஏறியது. ஒவ்வாமை வராமலிருக்க முதலில் போட்ட மருந்தில் கண் செருகியது. கனவில் கோவை வீட்டுக் குழாயில் சிறுவாணி வந்துகொண்டிருந்தது. முந்தானையில் முடிந்திருந்த புனே அரிசியை அவிழ்த்து அதில் களைந்தேன். உலை எந்த ஊரில் கொதிக்கிறது என்று தெரியவில்லை. அரிசியை மட்டும் ஷைலா தாயிக்கும் சேர்த்துத்தான் போட்டேன்.