தெருமுனையில் மங்கிய விளக்கு

1974 திருவிழாவிலும் எங்கள் கடற்கரைப் பங்குக் கோயிலில் மாதா சப்பரத்துக்கு முன்னால் அவர்தான் பெட்ரோமாக்ஸ் சுமந்தார். ஒடிசலான உடல், தலையில் சும்மாடு, ஓயாமல் ஜெபமாலை சொல்லும் வாய். போன ஆண்டைப் போலவே அதே தெருமுனையில் விளக்கு மங்கியது. இறக்கிவைத்து நிதானமாகக் காற்றடித்தார். சப்பரம் காத்து நின்றது. தெருவிலிருந்து பெண்கள் பிள்ளைகளோடு ஓடிவந்து மாதாவைக் கும்பிட்டார்கள். அவர்களும் இதே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். ஆனால் சாதியைச் சொல்லி அத்தெருவுக்குள் சப்பரத்தைக் கொண்டுபோவதில்லை.

“ஏலே, வருசா வருசம் இங்கன வந்துதான் ஒன் வெளக்கு சாகுமோ?” என்றார் கமிட்டித் தலைவர்.

“காத்து எறங்கிட்டு, அண்ணாச்சி.”

பிறகு அவரிடம், “நீங்களே விளக்கின் காற்றுத் திருகைத் திறந்துவிட்டதைப் பார்த்தேன்” என்றேன்.

“எங்க தெரு சார் அது. வரமாட்டேன்னு மாதாவா சொல்லுதா? தூக்குதவனுவ சொல்லுதானுவ. வெளிச்சம் சொமக்க மட்டும் எங்க தலை ஆவுது.”

அடுத்த ஆண்டு கமிட்டி ஜெனரேட்டர் வைத்து டியூப்லைட் கட்டியது. சப்பரம் முனையில் நிற்காமல் போனது. அவர் வெறுந்தலையோடு அங்கே நின்றிருந்தார். மாதாவைப் பார்க்கவில்லை. தூக்கிச் சென்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருவரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.