வாரண்டி தேவையா என்று திறந்து பார்த்தவர்

கருகிய காயிலை மூக்கருகே கொண்டுபோய் ஓர் இழுப்பு இழுத்த பிறகுதான் ஜலீல் பாய் மோட்டாரைக் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பார். "தண்ணியில்லாம ஓட்டியிருக்கீக." எதிரே நிற்கிற கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயி, போர்வெல்லில் தண்ணீர் வற்றியதே இல்லை என்று அடித்துச் சொல்வார். பாய் இரண்டாம் முறை முகர்வார். "அரை மணி நேரம் சும்மா ஓடியிருக்கு. சுவிட்சப் போட்டுட்டு எங்கேயோ கெளம்பிட்டீக." விவசாயி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். "மச்சினன் வீட்டுக் காதுகுத்து பாய்" என்பார்.

மதுரை மகபூப்பாளையத்தில் அவர் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டும். முப்பத்தொரு வருடமாக, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்டுகிறார். சுவரில் சிவப்புப் பெயிண்டில் தானே எழுதி வைத்திருக்கிறார்: 'காயிலுக்கு கியாரண்டி கிடையாது.' அதைப் படித்த பிறகும் சிலர் கேட்பார்கள். "எம்புட்டு நாளு தாங்கும் பாய்?"

"மொதல்ல கரண்டுக்காரங்ககிட்ட ஒரு கியாரண்டி எழுதி வாங்கிட்டு வாங்கண்ணே. அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடுறேன்."

இப்படிச் சொல்பவர், ஒரு வருடம் கழித்து அதே மோட்டார் திரும்பி வந்தாலும் கூலி வாங்க மாட்டார். வாங்க மாட்டேன் என்று முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார்.

கெட்டுப்போனதைத் திறப்பது அவர் தொழில். கெடாததையும் திறப்பதுதான் சிக்கல். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் குத்தியிருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போதும், சொந்தக்காரர் நிக்காஹ்வுக்குப் போகும்போதும். ஒரு நிக்காஹ்வில் மைக் கொஞ்சம் கரகரத்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத் துஆ ஓதி முடிப்பதற்குள் பாய் ஆம்ப்ளிஃபயரின் முதுகைக் கழற்றிவிட்டார். மீதி துஆ மைக் இல்லாமல் நடந்தது. வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்த அன்று சாயங்காலமே அதன் பின்பக்கம் திறந்து கிடந்தது. அவர் மனைவி சாயிரா பானு அதற்காக அழுததே இல்லை. அலமாரியிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக் காட்டுவார். அதில் பாதிக்கு மேல் ஸ்க்ரூக்களும் போல்ட்டுகளும்.

"எல்லாம் மிச்சம் வந்தது. கேட்டா, கம்பெனிக்காரன் கூடுதலாப் போட்டுட்டானாம். உலகத்துல உள்ள அம்புட்டுக் கம்பெனியும் இவுகளுக்கு மட்டும் கூடுதலாப் போட்டு அனுப்புது."

இந்த மனிதரிடம்தான் போன மாதம் ஒரு கேள்வி வந்து சேர்ந்தது. பழைய கார் ஒன்றுக்கு வாரண்டியை நீட்டிக்கலாமா, வேண்டாமா?

கார் மகள் முபீனாவுடையது. முபீனா கால்நடை மருத்துவர். கொட்டாம்பட்டியைத் தாண்டி ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை. மதுரையிலிருந்து ஸ்கூட்டியில் போய்வந்து முதுகு வலி கண்டதும், தன் சேமிப்பில் ஆறு வருடம் ஓடிய சின்னக் கார் ஒன்றை வாங்கினார். விற்ற ஷோரூமில் ஒரு நிபந்தனை சொன்னார்கள்: பதினாறாயிரத்துச் சொச்சம் கட்டினால் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரு வருடம் வாரண்டி, ஏழு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முபீனா அப்போதே கட்டியிருப்பார். "இரும்மா, நான் படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் அவருடைய அத்தா ஜலீல் பாய்.

என் வீட்டு மோட்டார் அந்த வாரம் அவர் கடை மூலையில் கிடந்தது. தினமும் காலையில் போய் நின்றேன். தினமும் வாரண்டியைப் பற்றி மட்டும் தெரிந்துகொண்டு திரும்பினேன். வீட்டில் எல்லோரும் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள்.

காயில் கம்பியின் பருமனைப் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வாரண்டிக் காகிதத்தின் பதினான்கு பக்கங்களையும் பாய் படித்தார். இரண்டு நாள் ஆனது. எதற்கெல்லாம் கிடையாதோ அதன் கீழெல்லாம் சிவப்புப் பேனாவில் கோடு. "பாருங்க. பிரேக் கட்டை கெடையாது. கிளட்ச் கெடையாது. பெல்ட்டு, பேட்டரி, டயரு கெடையாது. தேயுற சாமான் எதுக்கும் கெடையாதாம். தேயாத சாமான் எதுக்குங்க ரிப்பேராகப் போகுது?"

நல்ல கேள்விதான். அத்தோடு முடிவுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. "ஆனா கியர்பாக்ஸ் போச்சுன்னா அறுபதாயிரம்" என்று தானே எதிர்க்கட்சியும் ஆனார். மறுநாள், "ஓடுற வண்டிக்கு வாரண்டி எதுக்கு? ஓடாத வண்டிக்கு எவன் குடுப்பான்?" அதற்கும் மறுநாள், "நசீபுன்னு ஒண்ணு இருக்குல்ல, அல்லா எழுதுனது." மோட்டார் கொண்டுவந்த ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டார். பக்கத்துப் பேட்டரிக் கடை கண்ணுச்சாமி, கேட்காமலே சொன்னார்.

"பாய், நீங்க கட்டுன காயிலுக்கே கியாரண்டி குடுக்க மாட்டீக. அவன் எவனோ செஞ்ச வண்டிக்குக் குடுக்குறேங்குறான். வாங்கிப் போட்டுட்டு வேலையப் பாப்பீகளா?"

"அதான் சந்தேகமே. எப்படிக் குடுக்குறான்? உள்ள பாக்காமயே குடுக்குறானே."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

முபீனாவுக்கு இந்த விவாதத்தில் அக்கறை இல்லை. வேலை முடிந்து வந்தவர் கடை வாசலில் நின்றபடியே சொன்னார்: "அத்தா, எனக்குப் பதினாலு பக்கமும் வேண்டாம். ஒம்பதாம் பக்கம் போதும்." ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது இதுதான்: வண்டி வழியில் நின்றுவிட்டால் எந்த இடமானாலும் ஆள் வருவார், வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார், உரிமையாளர் போக வேண்டிய இடத்துக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்வார்.

"வண்டி நின்னா எனக்கு ஒரு போனப் போடு. நான் வாரேன்."

"எதுல வருவீக?"

"டி.வி.எஸ். 50-ல."

முபீனா ஒன்பதாம் பக்கத்தின் மூலையை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். நாள் முழுக்க மாடுகளோடு பேசிவிட்டு வருகிற மருத்துவரின் பொறுமை அது என்று நினைத்துக்கொண்டேன். ஆறாம் நாள் காலை, அத்தாவைக் கேட்காமலே ஷோரூமுக்குப் போன் செய்துவிட்டார். வாரண்டி போடுமுன் வண்டியை ஒருமுறை பார்ப்பதற்கு அவர்கள் அன்றே பாயின் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள்; மோட்டாரைக் கேட்கப் போன நானும் அங்கே நின்றேன்.

வந்தவர் பெயர் அழகுபாண்டி. முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டார்ச். டயரைப் பார்த்தார், இன்ஜினை ஓட்டிக் கேட்டார், "நல்ல வண்டி மேடம்" என்றார். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார். வெளிச்சத்தை ஒவ்வொரு போல்ட்டாக நகர்த்தினார்.

"பாய், இத யாரு கழட்டுனா?"

இன்ஜினின் முக்கியமான போல்ட்டுகளில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். பாதிக் கோடு போல்ட்டின் தலையில், பாதிக் கோடு பக்கத்து இரும்பில். போல்ட்டைத் திருகினால் கோடு முறிந்து இரண்டு பாதியும் வேறு வேறு பக்கம் பார்க்கும். அழகுபாண்டி எண்ணினார். பதினோரு கோடுகள் முறிந்திருந்தன.

பாய் டெஸ்டரைப் பையிலிருந்து எடுத்துத் துடைத்து மறுபடி பையில் வைத்தார். "யாரும் கழட்டல. நாந்தான்." மூன்றாம் நாள் விடியற்காலை, சுபுஹு தொழுதுவிட்டு வந்து, மகள் எழுந்திருப்பதற்குள் செய்த வேலை. "வாரண்டி தேவையா இல்லையான்னு எப்படி முடிவு பண்றது? தெறந்து பாத்தாத்தானே தெரியும்."

"தெறந்தா வாரண்டி கெடையாது பாய். அது மூணாம் பக்கத்துலயே இருக்கு."

"படிச்சேன். வெளி மெக்கானிக் தெறந்தான்னு போட்டிருக்கு. நான் வெளி ஆளா? அந்தப் பிள்ளையோட அத்தா."

அழகுபாண்டிக்குச் சிரிப்பு வந்தது. முபீனாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். பாய் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார். "உள்ள எல்லாம் சுத்தம். ஒரு குத்தம் இல்ல. மூடும்போது கம்பெனிக்காரன் முறுக்குனதவிட டைட்டா முறுக்கியிருக்கேன். தட்டிப் பாருங்க."

"மிச்சம் ஏதும் வந்துச்சா?" என்றார் சாயிரா பானு, வாசலிலிருந்து.

"ஒண்ணும் வரல" என்றார் பாய், ரோஷத்தோடு.

அப்போதுதான் முபீனா பேசினார். குரல் உயரவில்லை. மாட்டுக்கு ஊசி போடுமுன் அதன் சொந்தக்காரரிடம் பேசுகிற குரலாக இருக்கலாம்.

"மார்கழி மாசம் ஸ்கூட்டி நின்னு லேட்டாயிருச்சுன்னு சொன்னேன்ல அத்தா."

"ஆமா. பெட்ரோல்ல தண்ணின்னு சொன்ன."

"பெட்ரோல்ல ஒண்ணும் இல்ல. முந்தின நாளு நீங்க கார்புரேட்டரப் பிரிச்சு மாட்டுனீக. மேலூர் தாண்டி ஒரு வெலக்குல நின்னுபோச்சு. தள்ளிட்டுப் போனேன். மெக்கானிக் பாத்துட்டு, ஒரு போல்ட்டக் காணோம்னாரு. அங்க ஊர்ல ஒச்சாயி அக்கா மாடு ஈன முடியாம கெடந்துச்சு. கன்னு தல திரும்பியிருந்துச்சு. நான் போய்ச் சேரும்போது கன்னு செத்துருச்சு. அரை மணி நேரம் முன்னாடி போயிருந்தா எடுத்திருப்பேன். அந்தக்கா என்னைய ஒரு வார்த்த சொல்லல. 'நீ என்னம்மா செய்வ, வண்டி நின்னா'ன்னுச்சு. அந்த போல்ட்டு அம்மா வச்சிருக்குற பாட்டில்லதான் இருக்கும். நான் தேடிப் பாக்கல."

சாயிரா பானுவுக்கும் அது புதிய செய்தி என்பது அவர் முகத்தில் தெரிந்தது. முப்பத்தொரு வருடத்தில் பாய் கட்டிய காயில்கள் எத்தனையோ திரும்பி வந்திருக்கின்றன. இப்படி ஒன்று வந்ததில்லை. அழகுபாண்டி டார்ச்சை அணைத்துவிட்டுத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். ஷோரூமின் ஒர்க்‌ஷாப் பைபாஸில் இருக்கிறது. வண்டியை அங்கே விட்டால், திறந்த இடத்தையெல்லாம் சோதித்து, போல்ட்டுகளை அளவாக முறுக்கி, புதிதாகக் கோடு போட்டுத் தருவார்கள். அதற்குத் தனிக் கட்டணம். நாளைச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் முடிந்தால் வாரண்டி போடலாம். "ஆனா பாய், அதுக்கப்புறம் நீங்க…" என்று இழுத்தார்.

"தெரியுது" என்றார் பாய். அந்த வாரத்தில் அவர் சொன்ன மிகச் சின்னப் பதில் அது.

மறுநாள் முபீனா வண்டியை எடுத்தபோது, யாரும் கூப்பிடாமலே பாய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மோட்டார் முடிந்ததா என்று கேட்கப் போன என்னைச் சாயிரா பானு பின்சீட்டில் ஏற்றிவிட்டார். "அங்க போயி இவுக எதையும் தொடாமப் பாத்துக்கங்க தம்பி." பைபாஸ் சிக்னலில் நின்றபோது இன்ஜினில் ஒரு மெல்லிய கீச்சொலி கேட்டது. பாயின் தலை பக்கவாட்டில் சாய்ந்தது. பிறகு நேராக நிமிர்ந்தது.

ஒர்க்‌ஷாப்பில் வாடிக்கையாளர்கள் தாண்டக் கூடாது என்று தரையில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். பாய் அதன்மேல் சரியாகக் காலை வைத்து நின்றார். மெக்கானிக் ஒருவர் பதினோரு போல்ட்டுகளையும் தளர்த்தி, சோதித்து, ஒரு நீளமான ஸ்பேனரால் 'டிக்' என்று சத்தம் வரும்வரை முறுக்கினார். ஒவ்வொரு டிக்குக்கும் பாயின் வலது மணிக்கட்டு லேசாகத் திரும்பியது. நான்காவதில் மெக்கானிக், "இது ரொம்பவே டைட்டா இருந்துச்சு சார், மரை போயிருக்கும்" என்றார், யார் முறுக்கியது என்று தெரியாமல். முபீனா அத்தா பக்கம் திரும்பவில்லை. பாய் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து, என் கையில் கொடுத்தார். நான் அதை என் சட்டைப் பையில் குத்திக்கொண்டேன்.

நாலே முக்காலுக்குக் கடைசி மஞ்சள் கோடு விழுந்தது. அழகுபாண்டி போட்டோ எடுத்தார். முபீனா பணம் கட்டிக் கையெழுத்துப் போட உள்ளே போனார். மெக்கானிக் பானெட்டை இறக்கி மூடிவிட்டுக் கை கழுவப் போனார்.

வண்டியைச் சுற்றி ஆள் இல்லாத அந்த ஒரு நிமிடத்தில் பாய் வெள்ளைக் கோட்டைத் தாண்டினார். நான் பதறி இரண்டடி ஓடினேன். அவர் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்து இறுக்கிக்கொண்டு, இடுப்பை வளைத்துக் குனிந்து, பானெட்டுக்கும் விளக்குக்கும் நடுவே இருந்த விரல் பருமன் இடைவெளியில் மூக்கை வைத்து, கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்தார்.