நாற்பதைத் தாண்டாத முள்

கணவர் நோயில் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. சலவைக்கடையில் இஸ்திரி போடும்போது கட்டைவிரல் சுட்டுக் கொப்பளித்ததைக்கூட முதலாளியம்மா சொல்லித்தான் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நாத்தனார் காதுபடவே சொன்னாள். அதுவும் உறைக்கவில்லை.

அவருடைய பழைய பைக்கை விற்றுவிடலாம் என்றான் தம்பி. சரி என்றாள். ஸ்பீடோமீட்டர் செத்துக் கிடக்கிறது, மாற்றினால்தான் எவனாவது வாங்குவான் என்றான். அதற்கும் சரி.

கணவர் வழக்கமாகப் போகும் மெக்கானிக் இரண்டு மீட்டர்களை எடுத்து வைத்தார். ஒன்று புத்தம் புதுசு. இன்னொன்று, வண்டியில் இருந்ததைப் போலவே இருந்த பழசு. ஒரு துண்டுத் துணி எடுக்கத் துணிக்கடையையே தலைகீழாகப் புரட்டுகிற மகராசி, பளிச்சென்று இருந்ததைப் பார்த்துத் தலையாட்டியதோடு சரி.

மாட்டியதும் ஓட்டிப் பார்க்கலாம் என்று தம்பி அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டான். கல்யாணமான புதிதிலிருந்து அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான்: நாற்பதைத் தாண்டக் கூடாது. அவர் தோளுக்கு மேலாக எட்டி முள்ளையே பார்த்துக்கொண்டு வருவாள். கொஞ்சம் தாண்டினாலும் பிடிபிடியென்று பிடிப்பாள். மனுஷன் மறுபேச்சில்லாமல் குறைத்துவிடுவார். இப்படி அடங்கின புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று அவளுக்குப் பெருமை வேறு.

இப்போதும் முள் நாற்பதில் நின்றது. ஆனால் காற்று போதவில்லை. நெற்றி முடி முன்போல் பறக்கவே இல்லை. இன்னும் வேகமாகப் போகச் சொன்னாள். தம்பிக்கு ஆச்சரியம். முள் அறுபதைத் தொட்டபோதுதான் அந்தப் பழைய காற்று முகத்தில் அடித்தது.

திரும்பி வந்து, மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்றாள். மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"இதுதான்க்கா சரியான மீட்டர். முன்னாடி இருந்தது வேற மாடலோடது. அறுபதுல போனா நாப்பதுன்னு காட்டும். அண்ணன்தான் கேட்டு வாங்கி மாட்டிக்கிட்டாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

அவள் வண்டியையே பார்த்தபடி நின்றாள். அத்தனை வருஷமும் நல்ல பிள்ளையாகக் குறைத்துக் குறைத்து, அறுபதில் கூட்டிப் போயிருக்கிறார்.

"ஏமாத்துக்காரன்" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்தது, அது அழுகையாக மாறியது. கட்டைவிரலால் கண்ணைத் துடைத்தாள். உடைந்த கொப்புளத்தில் உப்புத்தண்ணீர் பட்டு எரிந்தது. அம்மா என்று கையை உதறினாள்.

பிறகு, முதலில் வேண்டாமென்று விட்ட அந்தப் பழைய மீட்டரை எடுத்து, இதையே மாட்டச் சொல்லி மெக்கானிக்கிடம் நீட்டினாள். வண்டியை விற்கவில்லை என்றாள்.

"அப்ப யாருக்கா ஓட்டுறது?" என்றான் தம்பி.

"நீதான். ஆனா நாப்பதைத் தாண்டக் கூடாது."