வெண்கட்டியால் கீறிய துவக்கு

போன பெரும்போகத்தில், மாவடிப்பள்ளிக்கு அங்கால இருக்கிற என்னுடைய மூன்று ஏக்கர் வயலில் வேளாண்மை கதிர் தள்ளிப் பால் பிடித்துக்கொண்டிருந்த நேரம் நடந்தது இது. இதை நான் என் வீட்டு முன்வாசலில் கதிரை போட்டு இருந்து சொல்ல, என் மகள் எழுதுகிறாள் என்றால், அதற்குக் காரணம் கல்முனையில் லேத் பட்டறை வைத்திருக்கிற ஒரு மனிதர். அவர் இல்லாவிட்டால் நான் மறியல் கம்பிக்குள் இருந்து சொல்லியிருப்பேன், அல்லது சொல்லவே வாய்த்திருக்காது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பன்னிரண்டு வயதில் சம்மாந்துறையில் ஒரு கராஜில் எண்ணெய்ச் சீலை துவைக்கப் போனேன். இன்றைக்கு எனக்கென்று சொந்தமாக வெல்டிங் பட்டறை இருக்கிறது. இந்தக் கரையில் ஓடுகிற கை உழவு இயந்திரங்களில் பாதி என் கையால் கழற்றிப் பூட்டப்பட்டவைதான். படகு மோட்டரை எடுத்து வயலுக்கு நீர் இறைக்கிற இயந்திரம் செய்தவன் நான். படித்த பொறியியலாளர் ஒருவர் வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். எண்ணெய்ச் சீலையில் என்று சொன்னேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

அந்தப் போகத்தில் காட்டுப்பன்றி இறங்கிவிட்டது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் வாய்க்கால் பக்கத்து வரம்பை ஒட்டி அரை ஏக்கர் அளவு உழுது போட்டது போல் கிடந்தது. தின்றது கொஞ்சம், மிதித்தது மிச்சம். பக்கத்து வயற்காரர்கள் டின் தட்டினார்கள், வெடி போட்டார்கள். சிலர் கட்டுத்துவக்குக் கட்டலாமா என்று காதோடு கதைத்தார்கள். அது ஆள் பார்க்காது, மனிதன் கால் பட்டாலும் வெடிக்கும், அது கோழை வேலை என்று நான் சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். தேத்தண்ணிக் கடையில் பத்துப் பேர் நடுவில் வைத்து, தோளில் வைத்துக் குறி பார்த்துச் சுடுகிற ரைபிள் ஒன்றை நானே செய்து, கதிர் முற்றுவதற்கு முன் வயலுக்குக் கொண்டு வருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

என் மச்சான் ஒருவர், மனிசியின் தம்பி, சிரித்துக்கொண்டே கேட்டார், "மச்சான், நீங்க செய்ற துவக்கு டீசல்லயா ஓடும்?"

கடை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் என்னைத் தள்ளிவிட்டது.

என் மகள் ஒரு தரம் கைப்பேசியில் எதையோ தேடப்போக, வெள்ளைக்காரன் ஒருவன் தன் வீட்டுக் கொட்டிலில் ரைபிள் ஒன்றைப் பூட்டுகிற படம் வந்திருந்தது. ஒவ்வொரு சாமானாக வாங்கி மேசையில் வரிசையாக வைத்துப் பூட்டினான். அவன் பேசிய பாஷை எனக்கு விளங்காது. படத்தின் கீழே வரிவரியாக ஏதோ எழுதியும் இருந்தது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. மனிதனின் கையைப் பார்த்தால் எனக்கு வேலை விளங்கிவிடும். கையை மட்டும் ஏழெட்டுத் தரம் போட்டுப் பார்த்தேன்.

எனக்கென்று ஒரு வேலை முறை இருக்கிறது. வரைபடம் வாசிக்கத் தெரியாதபடியால், செய்யப்போகிற சாமானைப் பட்டறைச் சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் முழு அளவில் கீறிவிடுவேன். பிறகு துண்டு துண்டாகச் சாமான் வரவர, அதனதன் இடத்தில் கொண்டுபோய் வைப்பேன். இறைக்கிற இயந்திரத்தையும் அப்படித்தான் செய்தேன். இந்த முறை தரையில் ஒரு துவக்குக் கீறினேன். என் வாயால் சொல்லக் கூடாது, அழகாகத்தான் வந்தது. கதவு திறந்து கிடக்கிற பட்டறை. வருகிறவன் போகிறவன் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

பிறகு சாமான் தேடத் தொடங்கினேன். தோளில் வைக்கிற கட்டைக்கு, மருதமுனையில் ஒரு வீட்டுக் கொல்லையில் கிடந்த பழைய கைத்தறி மரம் கிடைத்தது. நெடுங்காலம் வீட்டுக்குள் இருந்து காய்ந்த மரம், இரும்பு மாதிரி. மோட்டார் சைக்கிள் சாமான் கடையில் சுருள்கம்பி பார்த்தேன். கடைக்காரர் எந்த வண்டிக்கு என்று கேட்டார். வண்டிக்கு இல்லை, துவக்குக்கு என்று உரக்கவே சொன்னேன். உழவு இயந்திரத்துக்குச் சாமான் வாங்குகிற மாதிரித்தான் எனக்கு அது பட்டது. எதற்கென்று சொன்னால்தானே சரியான சாமானைத் தருவார்கள். அவர் ஒரு சுருளை எடுத்துத் தாளில் சுற்றித் தந்துவிட்டு, அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டார்.

தூரத்தில் குறி பார்க்கிற கண்ணாடியை மகளின் கைப்பேசியில் இணையத்தில் எடுத்தோம். வயல் காவலுக்குத் தூரக்கண்ணாடி என்றுதான் அவளிடம் சொல்லி வைத்தேன். பொதி வந்த அன்று தேத்தண்ணிக் கடையில் வைத்தே அதைப் பிரித்தேன். கடையிலிருந்து பார்த்தால் பள்ளிவாசல் மினாராவில் இருந்த புறாவின் கண் தெரிந்தது. எல்லாரும் முறை வைத்துப் பார்த்தார்கள். விசைப் பாகத்தையும் வெளிநாட்டுக் கடை ஒன்றில் படத்தைப் பார்த்து நானே விரலால் அமத்தினேன். சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. இருப்பு முடிந்துவிட்டதாக்கும் என்று எண்ணி, அதை நானே இரும்பில் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மிச்சம் இருந்தது குழாய். பழைய இரும்புக் கடையில் தடித்த உருக்குக் குழாய் ஒன்று கிடைத்தது. உள்ளே கடைந்து நேராக்க வேண்டும். என்னிடம் லேத் இல்லை. கல்முனையில் கை சுத்தமான ஆள் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னார்கள். எனக்கு முன்பின் பழக்கம் இல்லாத தமிழ் மனிதர், வயது ஐம்பத்தைந்து இருக்கும், நெற்றியில் திருநீறு. குழாயைக் கையில் கொடுத்து, என்ன செய்யப்போகிறேன் என்பதை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். தரையில் கீறி வைத்திருப்பதையும் சொன்னேன்.

அவர் குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பார்த்தார். "காக்கா, இதுக்கு அனுமதிக் கடுதாசி ஏதும் எடுத்தீங்களா?" என்று, எங்கள் ஆட்கள் அண்ணனை அழைக்கிற மாதிரியே என்னை அழைத்து, அதை மட்டும் கேட்டார்.

எனக்கு எதற்குக் கடுதாசி, என்னைத் தெரியாத ஆள் இந்தக் கரையில் யார் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்.

இரண்டாம் நாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு போனேன். மேசையில் என் குழாய் நாலு துண்டாகக் கிடந்தது. ஒன்றுக்கொன்று கொஞ்சம் நீளம் குறைந்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு துளை, துளையில் ஒரு கம்பி வளையம்.

எனக்குக் கண் சிவந்துவிட்டது. நாற்பத்தைந்து வருடம் இரும்போடு கிடந்தவனின் குழாயை வெட்ட இவன் யார் என்று இருந்தது. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். வேலை தெரியாதவன் என்று சொன்னேன். பட்டறையைப் பூட்டிவிட்டு மீன் விற்கப் போ என்று சொன்னேன். அங்கே நின்ற வாடிக்கைக்காரர் இருவரும் வெளியே போய்விட்டார்கள். அவர் லேத்தை நிறுத்திவிட்டு, நான் முடிக்கும் வரை கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினார்.

"இரிங்க காக்கா. பிழைச்சு வெட்டல்ல. தெரிஞ்சுதான் வெட்டினன்."

நான் இருக்கவில்லை. அவர் மெதுவாகத்தான் கதைத்தார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தவன். பிரச்சின நேரம், கிணத்துக்கு எண்டு ஒரு குழாய் வாங்கிச் சைக்கிள்ள கட்டிக்கொண்டு வந்தவன். வழியில பிடிச்சிட்டாங்க. அது தண்ணிக் குழாய் எண்டு சொல்ல அவனுக்கு நேரம் குடுக்கல்ல. இண்டைக்கு வரைக்கும் அவன் வரல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "உங்கட குழாய் துவக்குக் குழாய் எண்டு நீங்களே கடை கடையாச் சொல்லிக்கொண்டு திரியிறீங்க. என்ட லேத்தில அத நான் கடைய மாட்டன். முழுசாத் திருப்பித் தந்தா, நீங்க வேற ஆளத் தேடிப் போவீங்க. அதுதான் வெட்டினன்."

அப்போதுதான் இருந்தேன் அந்த முக்காலியில். அந்த யுத்த காலத்தை நானும் கண்டவன்தான். இந்தக் கரையில் எங்கள் ஆட்களும் அவர்கள் ஆட்களும் காணாத குழி இல்லை. அதற்குப் பிறகும், தேவாலயங்களில் குண்டு வெடித்த வருடம், எங்கள் ஊர்களில் ராணுவம் வீடு வீடாகக் கட்டிலைப் புரட்டித் தேடிய நாட்கள் வந்தன. சமையல் கத்தியை எங்கே வைப்பது என்று பெண்கள் தவித்த நாட்கள். அதையெல்லாம் என் கண்ணால் பார்த்துவிட்டு, தரையில் துவக்குக் கீறி, கதவையும் திறந்து வைத்திருந்தவன் நான்.

எழும்பும்போது நாலு துண்டையும் அவர் என் கையில் தந்தார். வயலில் காவல் இருக்கிற வாடிக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிடும்படியும், காற்றுக்கு ஒன்றோடொன்று அடிபட்டால் வருகிற சத்தத்துக்குப் பன்றி கிட்ட வராது என்றும் சொன்னார்.

"பன்றிக்கு மணி கட்டச் சொல்றியா தம்பி?" என்றேன். அவர் சிரித்தார். கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் முழுவதையும் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. அந்த வெள்ளைக்காரன் படத்தை எடுத்து, கீழே இருந்த எழுத்தை வாசித்தாள். முதல் வரியே, உங்கள் நாட்டில் இதற்கு அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள் என்பதுதானாம். நான் அமத்தியபோது வந்த சிவப்பு எழுத்தைப் பற்றிக் கேட்டேன். அந்தக் கடையைத் திரும்பத் திறந்து அதையும் வாசித்தாள். இந்தச் சாமானை உங்கள் நாட்டுக்கு அனுப்ப முடியாது என்று அது சொல்லியிருக்கிறது.

"வாப்பா, என்னட்ட ஒரு தரம் காட்டியிருக்கலாமே" என்றாள். ஏச்சு ஒன்றும் இல்லை அதில். அதனாலேயே அது கூடச் சுட்டது.

அடுத்த நாள் விடியவே சுபஹு தொழுத கையோடு பட்டறைத் தரையைக் கழுவினேன். எண்ணெய் குடித்த சீமெந்து, வெண்கட்டியை முழுதாக விடவில்லை. துவக்கின் நிழல் மாதிரி ஒன்று கிடந்தது. நாலு துண்டையும் வயலுக்குக் கொண்டுபோய், நீளமான கம்பில் கட்டினேன். அதற்கு அடுத்த நாள் பொலிஸ் ஜீப் பட்டறை வாசலில் வந்து நின்றது.

வந்த இருவரில் ஒருவர் தமிழ் கதைக்கிறவர். மூத்தவர் சிங்களத்தில் கேட்க, இவர் எனக்குச் சொன்னார். மூத்தவர் நின்ற இடம் சரியாக அந்த நிழலுக்கு மேலே. கீழே பார்த்தார், என்னைப் பார்த்தார். துவக்கு எங்கே என்று கேட்டார்கள். சுருள்கம்பி, மரம், கண்ணாடி மூன்றையும் நானே எடுத்து முன்னால் வைத்தேன்.

"செய்யத் தொடங்கினது உண்மை தம்பி. குழாய் இல்ல. கடையக் குடுத்த ஆள், மாட்டன் எண்டு வெட்டிப்போட்டார்."

கேட்டுவிட்டு என்னை ஜீப்பில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோனார்கள். நாலு துண்டும் காற்றில் அடிபட்டுக்கொண்டிருந்தன. மூத்தவர் ஒன்றைப் பிடித்து நிறுத்தி, துளையைப் பார்த்து, அளவைப் பார்த்து விட்டுவிட்டார். அது மறுபடி அடித்தது. அங்கிருந்து கல்முனைக்குப் போய் லேத் மனிதரிடம் விசாரித்தார்கள். நான் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றாக இருந்தன. நிலையத்தில் என்னிடம் வாக்குமூலம் எடுத்தார்கள். கண்ணாடி, சுருள், மரம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்கு வடிவாக எழுத வருகிற ஒரே எழுத்து என் பெயர்தான். அன்றைக்கு அதுவும் கோணியது.

வெளியே வரும்போது தமிழ் கதைத்தவர் என் தோளைத் தொட்டுச் சொன்னார், "வாப்பா, அந்தக் குழாய் முழுசா இருந்திருந்தா, இப்ப நான் உங்களோட இப்படி நிண்டு கதைக்க மாட்டன். வழக்குத்தான், மறியல்தான்."

பட்டறைக்குத் திரும்பியபோது மச்சான் வாசலில் நின்றார். டீசல் பகிடியை அவர் திரும்ப எடுக்கவில்லை. கையில் தேத்தண்ணி இருந்தது. வாங்கிக் குடித்தேன்.

வயலைக் கேட்பீர்கள். பன்றிகள் இரண்டு கிழமை வரவில்லை. பிறகு சத்தம் பழகி, எட்டிப் பார்க்கத் தொடங்கின. நாள்தோறும் கம்பை இடம் மாற்றி நட்டேன். எங்கள் பக்கத்து வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானையார் எல்லா வயற்காரரையும் கூட்டி, காவலுக்கு முறை போட்டு, துவக்கு வைத்திருக்க முறைப்படி அனுமதி கேட்டு ஒரு மனுவும் எழுதினார். அதில் முதல் கையெழுத்து என்னுடையது. அந்த அரை ஏக்கர் போனது போனதுதான். மிச்சம் நன்றாகவே விளைந்தது.

அறுவடை முடிந்து புது அரிசியில் ஒரு மூடையைக் கல்முனைக்குக் கொண்டுபோனேன். லேத் மனிதர் மூடையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள துவக்கு ஒண்டும் இல்லையே காக்கா?" என்று கேட்டார். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று நினைவில்லை. அன்று அவர் வீட்டில் சோறு தின்றேன். சுவரில் தம்பியின் படம் இருந்தது, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். இப்போது என் பட்டறையின் லேத் வேலை எல்லாம் அவரிடம்தான் போகிறது.

தரையில் அந்த நிழல் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. சீமெந்து பூசச் சொல்கிறார்கள், நான் பூசவில்லை. என் கையால் செய்த சாமான்களை எண்ணிச் சொல்ல எனக்கு ஒரு நாள் காணாது, இப்போதும் வாய் ஓயாமல் சொல்கிறேன். ஆனால் அந்தத் தரையைத் தாண்டிப் போகும்போதெல்லாம், என் வாழ்க்கையில் எனக்கு நடந்த மிக நல்ல வேலை, ஒரு மனிதர் எனக்குச் செய்து தர மாட்டேன் என்று சொன்ன வேலைதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.